இறக்கத்தில் ஜெயித்த நிபாலி

நேயர்களுக்கு வணக்கம். சைக்கிள் பந்தயத்தில் மலை ஏறுகிறவர்களைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்கு வின்சென்சோ நிபாலியைப் பிடித்துப்போனது அவர் மலை இறங்குகிற விதத்தைப் பார்த்துத்தான்.

சிசிலித் தீவின் மெசினாவில் 1984-இல் பிறந்தவர். அங்கே இருந்தால் முன்னேற முடியாது என்று சின்ன வயதிலேயே வீட்டை விட்டு டஸ்கனிக்குப் போய்விட்டார். 2010-இல் ஸ்பெயினின் வுவெல்டா, 2013-இல் இத்தாலியின் ஜிரோ, 2014-இல் டூர் டி பிரான்ஸ் என்று மூன்று வாரப் பந்தயங்கள் மூன்றையும் ஜெயித்தார். 1998-இல் ஜெயித்த மார்கோ பாண்டானிக்குப் பிறகு டூரை ஜெயித்த முதல் இத்தாலியர் அவர்தான்.

ஆனால் 2016 ஜிரோவைத்தான் நான் முதலில் சொல்வேன். கடைசி மூன்று நாள்தான் பாக்கி, எல்லா நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் நிபாலியோ நான்காம் இடத்தில், முதலிடத்துக்கு 4 நிமிடம் 43 விநாடி பின்னால்; உடம்புக்கு என்ன ஆயிற்று என்று பரிசோதனை செய்கிற அளவுக்கு அணியே கவலைப்பட்டுக் கொண்டிருந்தது. அன்றைக்கு 2,744 மீட்டர் உயரமுள்ள அக்னெல்லோ கணவாய். உச்சியைத் தாண்டியதும் நிபாலி வேகத்தைக் கூட்ட, முதலிடத்தில் இருந்த டச்சுக்காரர் குரைஸ்விக் ஒரு வளைவில் சாலையோரப் பனிச்சுவரில் மோதி விழுந்தார். அதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வேகத்தில் இறங்க வைத்து எதிராளியைத் தடுமாற வைப்பதும் திறமைதான்.

சரி, அப்புறம் நடந்ததைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நிபாலியின் அணித்தோழர் மிக்கேலே ஸ்கார்போனி அப்போது எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவரே 2011 ஜிரோ சாம்பியன் பட்டம் பெற்றவர், அன்றைய வெற்றி அவருக்கே கிடைத்திருக்கலாம். இருந்தும் நிபாலிக்காகக் காத்திருந்து, பள்ளத்தாக்கில் எதிர்க்காற்றைத் தான் தாங்கிக்கொண்டு முன்னால் ஓட்ட, அவர் மறைவில் நிபாலி சிரமம் குறைந்து பின்தொடர்ந்தார். ரிசூல் மலையில் நிபாலி ஜெயித்து அழுதார். மறுநாள் கொலம்பியாவின் சாவேஸையும் பின்தள்ளி, கடைசியில் 52 விநாடி வித்தியாசத்தில் கோப்பை. அதில் பாதி ஸ்கார்போனியுடையது என்றே நான் நினைக்கிறேன். அடுத்த ஏப்ரலில் பயிற்சியின்போது ஒரு வேன் மோதி ஸ்கார்போனி இறந்துபோனார்.

நிபாலி 2022 வரை ஓட்டினார். 2018 மிலான்-சான்ரெமோவை மட்டும் தேடிப் பாருங்கள்: கடைசி சில நூறு மீட்டரில் பாய்ந்து ஓட்டுகிற ஸ்ப்ரிண்டர்கள் பெரும்பாலும் ஜெயிக்கிற ஒருநாள் பந்தயம் அது, கடைசிக் குன்றான போஜியோவில் தனியாகப் பிரிந்து, இறக்கத்தில் கிடைத்த முன்னிலையை விடாமல், துரத்தி வந்த கூட்டத்துக்குச் சில மீட்டர் முன்னால் கோட்டைத் தொட்டார்.