கொக்குக்கு ஒன்றே மதி

(நாகர்கோவிலில் பறவையியல் பேராசிரியர் ஒருவரின் பணி நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, உடல்நலக் குறைவையும் பாராமல் இரணியலிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் மூத்த புலவர் ஐயா அவர்களே, புத்தளம் உப்பளத் தொழிலாளர் சார்பில் பொன்னாடை போர்த்திய அக்கா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

பேராசிரியரின் படிப்பு, ஆய்வு, மாணவர்கள் என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். இவருக்கும் அப்படித்தான். மனிதன் கை வைத்த இடத்தில் பறவை எப்படிப் பிழைக்கிறது என்ற ஒரே கேள்வியோடு முப்பது ஆண்டுகள் நடந்தார். மற்றவர்கள் காட்டுக்குப் போனபோது இவர் உப்பளத்துக்குப் போய், பாத்தியில் நீர் எத்தனை விரல் ஆழம் என்று அளந்தார். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வரும் கொசு உள்ளானுக்கு எடை சுமார் 25 கிராம்தான். கால் நனையும் நீரில்தான் அது இரை பொறுக்கும். நீர் ஒரு சாண் ஏறினால் நெடுங்கால் உள்ளான் நின்று தின்னும், சிறியது பட்டினி கிடக்கும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். மணக்குடிப் பாலத்தைக் கடல் பிய்த்துப் போட்டிருந்தது. சில வாரம் கழித்துப் பழையாற்று முகத்துவாரத்தில் இவர் பைனாகுலரோடு நிற்கிறார். வலையும் வீடும் இழந்த ஒரு பெரியவர் வந்தார். "இங்கே மனிதர்கள் போய்விட்டார்கள், நீ கொக்கு எண்ணுகிறாயா?" என்று கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை. பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிட்டு, மாலைவரை கஞ்சிப் பானை தூக்கினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். நான் கூடவே இருந்தேன், பறவை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பத்தாம் நாள் விடியுமுன் அதே பெரியவர் வந்து இவர் கையைப் பிடித்தார். "வா மக்களே, ஆலா திரும்பி வந்திருக்கிறது. அது வந்தால் மீனும் வந்துவிட்டது" என்று கரைக்கு இழுத்துப் போனார். அன்றைய குறிப்பேட்டில், பார்த்தவர் என்ற இடத்தில் அந்தப் பெரியவரின் பெயரைத்தான் இவர் முதலில் எழுதினார். (கைதட்டல்)

ஆய்வைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம். அதைவிட அவசரம் தேரூர்க் குளம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி, 94.23 ஹெக்டேர், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் ஏறினால் போதுமா? கொக்குக்கு ஒன்றே மதி, எனக்கும் ஒன்றுதான். நம் குளக்கரைகளில் கட்டட இடிபாட்டையும் கோழிக் கழிவையும் கொட்டுவது நிற்க வேண்டும். மடையும் மறுகாலும் தூர்வாரப்பட வேண்டும். நாஞ்சில் நாட்டு வயலுக்கு நீர் தரும் அதே குளத்தில்தான் நீலத் தாழைக்கோழி கூடு கட்டுகிறது.

மாணவர்களைப் பற்றி அவர்களே அடுத்துப் பேசுவார்கள். வாசலின் இடப்புற மேசையில் ஆட்சியருக்கான மனு இருக்கிறது. கையெழுத்திடும்போது உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் எழுதுங்கள். முதல் கையெழுத்தைப் பேராசிரியர் போட்டுவிட்டார்.