மூன்று லேபிள்களும் ஒரு கணக்கு நோட்டும்

(மாதாந்திர இசை ஆர்வலர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர், ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே. முன்னிலை வகிக்கும் இசைக் கல்லூரிப் பேராசிரியர் அம்மையார் அவர்களே. வாடகை ஒரு ரூபாயும் வாங்காமல் இந்த அரங்கை நமக்குத் திறந்துவிட்டிருக்கும் பள்ளித் தாளாளர் அவர்களே. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த இசைத்தட்டுகளில் சிலவற்றைத் தம் கையாலேயே துடைத்து எடுத்துவந்து இந்த மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பெரியவர் அவர்களே. திரளாக வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். சென்ற மாதம் இதே மேடையில் அம்மையார் அவர்கள் பண்ணிசை பற்றி ஆற்றிய உரைக்குப் பிறகு, இங்கிலாந்தில் 1970-களில் கிளம்பிய முரட்டு ராக் இசையான பங்க் பற்றிப் பேச எனக்குத் தயக்கமாகவே இருந்தது. ‘இசை எந்த ஊருடையதாக இருந்தாலும் அதை உண்டாக்கியவனின் வயிறு ஒன்றுதான், பேசுங்கள்’ என்று ஊக்கம் தந்தவர் தலைவர் அவர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

ஐந்து செய்திகளைச் சொல்வதாக எழுதிக் கொடுத்திருந்தேன்: முதலீடு, ஒப்பந்தம், உறை வடிவமைப்பு, விநியோகம், அமெரிக்க லேபிள்கள். 1976-க்கும் 1992-க்கும் இடையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட ஸ்டிஃப், ரஃப் டிரேட், ஃபேக்டரி என்னும் மூன்று லேபிள்களை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்களை, இவற்றைக் கொண்டு ஒப்பிடலாம். எது சிறந்த பாட்டைத் தந்தது என்று ரசிகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நான் ஒப்பிட விரும்புவது அவர்களுடைய கணக்கு நோட்டை. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று என் பாட்டி அரிசி அளக்கும்போதெல்லாம் சொல்வார். அந்தப் படியைக் கொண்டே இந்த மூவரையும் அளக்கப் போகிறேன்.

முதலில் ஸ்டிஃப். 1976-இல் லண்டனில் டேவ் ராபின்சன், ஜேக் ரிவியேரா என்னும் இருவர் தொடங்கினார்கள். டாக்டர் ஃபீல்குட் குழுவின் பாடகர் லீ பிரிலோ கடனாகத் தந்த 400 பவுன்தான் முதல். விற்காமல் தேங்கிப்போகும் தட்டை அந்த வணிகத்தார் தங்கள் பேச்சில் ‘ஸ்டிஃப்’ என்பார்கள். அந்த இழிபெயரையே எடுத்துப் பலகையில் எழுதிக்கொண்டு கடை விரித்தவர்கள் இவர்கள். தட்டுகளின் வரிசை எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘வாங்கு’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். 1976 அக்டோபர் 22-இல் இவர்கள் வெளியிட்ட தி டேம்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’தான் பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள், அதாவது ஒரு பாட்டை முன்வைத்து வெளியிடும் தட்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முதல் தட்டு வருவதற்கு ஒரு மாதம் முந்தியது. மறு ஆண்டு அதே டேம்ட் குழுவின் முதல் ஆல்பத்தில், பின்னட்டையில் வேண்டுமென்றே வேறொரு குழுவின் படத்தை அச்சிட்டு, அதன்மேல் பிழைக்கு வருந்துவதாக ஒட்டுச்சீட்டும் ஒட்டி விற்றார்கள். அந்த ஒட்டுச்சீட்டு உள்ள பிரதிக்கு இன்று சேகரிப்போரிடம் தனி மதிப்பு.

விளம்பரத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 1977-இன் பிற்பகுதியில் ரிவியேரா பிரிந்து போனபோது பாடகர்கள் எல்விஸ் காஸ்டெல்லோவும் நிக் லோவும் அவரோடு ரேடார் என்னும் புதிய லேபிளுக்குப் போய்விட்டார்கள். கலைஞர்கள் நிறுவனத்தை நம்பியா இருந்தார்கள், ஆளை நம்பியா என்பது அன்று தெரிந்தது. ராபின்சன் அதற்குப் பிறகும் பாடகர் இயன் டூரியைக் கொண்டும் மேட்னஸ் குழுவைக் கொண்டும் பெரிய வெற்றிகளைக் கண்டார். 1984-இல் ஐலண்ட் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் ஸ்டிஃப் வேறு கைக்குப் போயிற்று.

இரண்டாவது ரஃப் டிரேட். 1976-இல் ஜெஃப் டிராவிஸ் மேற்கு லண்டனில், கென்சிங்டன் பார்க் சாலையில் தொடங்கிய தட்டுக் கடை இது. 1978-இல் லேபிளாகவும் ஆயிற்று. என் மனம் இயல்பாகச் சாய்வது இந்தப் பக்கம்தான். செலவு போக மிஞ்சும் இலாபத்தைக் கலைஞருக்குப் பாதி, லேபிளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். பல ஆண்டுக்கான அடிமைச் சீட்டு எழுதி வாங்காமல், தட்டுக்குத் தட்டு பேசி முடித்தார்கள். அன்றைய பெரிய நிறுவனங்களில் கலைஞர் கையில் கிடைத்த பங்கோடு இதை வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். 1979-இல் இவர்கள் வெளியிட்ட ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பம், பெரிய நிறுவனங்களின் துணையில்லாமலே பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. ஊர் ஊராக இருந்த தட்டுக் கடைக்காரர்களைச் சேர்த்து, நார்விச்சிலிருந்து எடின்பரோ வரை ‘கார்ட்டல்’ என்னும் விநியோக வலையையும் இவர்கள் பின்னினார்கள். அதன் வழியாகப் போட்டி லேபிள்களின் தட்டுகளும் கடைக்குப் போயின. விநியோகத்தைத் தனிச் செய்தியாகவே விரித்துப் பேச எண்ணியிருந்தேன். நேரம் கருதி இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

மூன்றாவது ஃபேக்டரி. இங்கே கொஞ்சம் நின்று பேச அனுமதியுங்கள்.

மான்செஸ்டரில் கிரனாடா தொலைக்காட்சியில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த டோனி வில்சனும் அவர் நண்பர் ஆலன் எராஸ்மஸும் 1978-இல் தொடங்கியது இது. எராஸ்மஸின் குடியிருப்பே அலுவலகம். உறைகளை வடிவமைத்தவர் பீட்டர் சாவில். ஒருநாள் சாவில், ஃபேக்டரி தட்டு வெளியிட்டுவந்த நியூ ஆர்டர் குழுவினரின் ஒத்திகை இடத்துக்குப் போகிறார். அங்கே மின் இசைக் கருவிகளுக்கு நடுவில் ஒரு சதுர அட்டை கிடக்கிறது. கறுப்பு நிறம், நடுவில் ஒரு வட்டத் துளை, பக்கத்தில் ஒரு நீள் துளை. ‘இது என்ன?’ என்று கேட்கிறார். ‘ஃபிளாப்பி டிஸ்க்’ என்கிறார்கள், கணினித் தகவலைச் சேமிக்கும் தட்டு. 1983-இல் பலர் அதைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. சாவில் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. ‘புளூ மண்டே’ பாடலின் 12 அங்குலத் தட்டுக்கு அதே வடிவில் உறை போடுகிறார். உறையில் குழுவின் பெயர் கிடையாது, பாட்டின் பெயர் கிடையாது. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும், அவையும் ஒரு சங்கேத எழுத்து. அட்டையில் துளைகளை அச்சால் வெட்டியெடுக்க வேண்டும். உள்ளே வெள்ளி நிற உறை வேறு, துளை வழியாக அது மின்னும்.

அந்த உறையின் முதல் பதிப்பு ஒன்றைப் பெரியவர் அவர்கள் இன்று கொண்டுவந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் விரலால் அந்த வெட்டு ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கத்தி விழுந்த கூர்மை இன்னும் இருக்கிறது. அந்தக் கூர்மையில்தான் காசு போயிற்று. பாட்டு பிய்த்துக்கொண்டு போகிறது. பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற 12 அங்குல சிங்கிள் என்ற பெயரை எடுக்கிறது. ஆனால் உறைக்கான அடக்கச் செலவு அவ்வளவு அதிகம் என்பதால், விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் கையிலிருந்து சில பென்ஸ் போயிற்று என்று அந்த நிறுவனத்தாரே பிற்காலத்தில் சொன்னார்கள். விற்க விற்க நட்டம்! பிறகு துளையில்லாத உறைக்கு மாறினார்கள். அந்தப் பித்தும் அந்த அழகு வெறியும் இல்லையென்றால் அந்தத் தட்டு இன்று இந்த மேசைக்கு வந்திருக்காது. அவர்களை நான் வணங்குகிறேன். இருந்தாலும் என் பாட்டி உயிரோடிருந்து அந்த உறையைக் கையில் வாங்கியிருந்தால், ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, தம்பி’ என்றுதான் சொல்லியிருப்பார்.

ஹசியெண்டா என்னும் நடனக் கூடத்தை 1982-இல் திறந்து, நியூ ஆர்டர் ஈட்டியதை அதில் கொட்டினார்கள். 1990-இல் புதிய தலைமையகம் கட்டினார்கள். கடன் கழுத்தை நெரித்தது. 1992-இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனம் ஃபேக்டரியை விலைக்கு வாங்க வந்தது. வாங்குவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தபோது ஒரு தாள் வெளியே வந்தது. தொடக்க நாளில் வில்சன் தம் இரத்தத்தால் கையெழுத்திட்டது என்று கதையாகச் சொல்லப்படும் தாள் அது. இசைக்கலைஞருக்கே எல்லாம் சொந்தம், நிறுவனத்துக்கு ஒன்றும் சொந்தமில்லை என்பது அதன் சாரம். வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். அந்த நவம்பரில் ஃபேக்டரி திவாலாயிற்று. நியூ ஆர்டர் குழுவோ தன் பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அதே லண்டன் ரெக்கார்ட்ஸோடு நேராகப் பேசி, 1993-இல் அடுத்த ஆல்பத்தை வெளியிட்டது.

தலைவர் அவர்களே, இந்த இடத்தில்தான் ரஃப் டிரேடின் மறுபக்கத்தை வைத்துப் பார்க்க வேண்டும். 1991-இல் அதன் விநியோகப் பிரிவு சரிந்தது. அதை நம்பியிருந்த சிறு லேபிள்கள் பலவும் அடிபட்டன. ரஃப் டிரேட் வெளியிட்ட தி ஸ்மித்ஸ் குழுவின் பாடல்கள் மறு ஆண்டு வார்னர் குழுமத்தின் டபிள்யூ.ஈ.ஏ. நிறுவனத்துக்குக் கைமாறின. 1983-இல் ரஃப் டிரேடோடு அந்தக் குழு செய்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் குழுவினரில் மோரிசியும் ஜானி மாரும் மட்டும். டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்குப் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளிலும் எழுதப்படவில்லை. அவருக்கு வந்துகொண்டிருந்தது பத்து சதவிகிதம். 1996-இல் லண்டன் உயர் நீதிமன்றம், மாறான உடன்பாடு இல்லாதபோது கூட்டாளிகள் அனைவருக்கும் சமபங்கு என்னும் 1890-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தைச் சுட்டி, அவருக்கு 25 சதவிகிதம் உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் இதையே சொல்கிறது என்பதைத் தலைவர் அவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஒரே மேடையில் ஐந்தாண்டு நின்ற நண்பர்கள் ஒரு தாள் இல்லாததால் நீதிமன்றக் கூண்டில் எதிரெதிரே நின்றார்கள். நல்ல மனம் இருந்தால் போதும், எழுத்து எதற்கு என்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

இதை நான் இவ்வளவு சூடாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. என் அக்காள் நடவுப் பாட்டுப் பாடுவார். 1990-களில் ஒரு கேசட் நிறுவனத்தார் வந்து ஒரே பகலில் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிந்துகொண்டு போனார்கள். ஒரு புடவையும் சாப்பாடும் தந்தார்கள். பிறகு கணக்குக் கேட்டால் ‘விற்கவே இல்லை’ என்றார்கள். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அக்காளின் குரல் ஒலித்துக்கொண்டிருக்க, அதற்குக் கீழே நின்று நாங்கள் தேநீர் குடித்தோம். கடைக்காரரிடம் ‘இது நான் பாடினது’ என்று சொல்லக்கூட அக்காளுக்கு வாய் வரவில்லை. மூலப்பதிவு யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆகவே மூன்று லேபிள்களிலிருந்தும் லேபிளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஸ்டிஃபிடமிருந்து விற்கும் துணிவு. ரஃப் டிரேடிடமிருந்து பாதிக்குப் பாதி. ஃபேக்டரியிடமிருந்து மூலப்பதிவு கலைஞருக்கே என்னும் அந்தத் தாள். அளக்கும் படியை மட்டும் வேறிடத்தில் வாங்க வேண்டும். அதையும் ஒரு பங்க் குழுவே வைத்திருக்கிறது. ஸ்கிரிட்டி பொலிட்டி என்னும் குழு 1978-இல் தானே வெளியிட்ட முதல் தட்டின் உறையில் செலவுக் கணக்கையே அச்சிட்டது. பதினான்கு மணி நேரப் பதிவுக்கு 98 பவுன். 2,500 பிரதிகள், பிரதிக்கு 13 பென்ஸ். லேபிளில் குத்தும் ரப்பர் முத்திரைக்கு 8 பவுன். அந்த உறையைப் படித்தவன் எவனும் அடுத்த வாரமே தானும் ஒன்று போடலாம் என்று துணிந்துவிடுவான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை உறையிலேயே அச்சிட்ட ஆட்கள் அவர்கள்.

இப்படி அளந்து போட்டவர்கள் நிலைத்தும் இருக்கிறார்கள். லண்டனில் தட்டுக் கடையாக இருந்து, 1977-இல் லர்க்கர்ஸ் என்னும் பங்க் குழுவின் தட்டோடு லேபிளான பெக்கர்ஸ் பேங்க்வெட் இன்று பெரிய சுயேச்சைக் குழுமம். அந்தக் குழுமத்தைச் சேர்ந்த எக்ஸ்.எல். லேபிள்தான், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்த எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடும் நம் மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் ஆல்பத்தை 2005-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் டிஸ்கார்ட், எஸ்.எஸ்.டி. லேபிள்களைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். மணி அடித்துவிட்டார்கள், மன்னிக்க வேண்டும்.

நம் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான் என்றே கொள்ளப்படும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியைக் காத்துத் தருகிறது. இவற்றையெல்லாம் எளிய தமிழில் இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தமாக எழுதியிருக்கிறோம். தலைவர் அவர்கள் வரிவரியாகத் திருத்தித் தந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் மூலப்பதிவு யாருடையது என்று எழுத ஒரு கோடு, இரண்டாம் பக்கத்தில் செலவுக் கணக்குக்குக் கட்டம். வாசலருகே உள்ள மேசையில் இருநூறு பிரதிகள் இருக்கின்றன. பாடுபவர்கள் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று உங்களுக்கு, இன்னொன்று உங்களைப் பதிவு செய்ய வருபவருக்கு. நன்றி, வணக்கம்.