லிதுவேனியாவின் இரகசியக் குறிப்பேடு கேஜிபி கையில் ஏன் சிக்கவில்லை?

அடுத்த கேள்வி: "சோவியத் ஆட்சியில லிதுவேனியா கத்தோலிக்கர்கள் இரகசியமா ஒரு இதழ் நடத்தினாங்கன்னு சொன்னீங்க. சோவியத் இரகசியப் போலீஸான கேஜிபி கண்ணுல மண்ணைத் தூவி 17 வருஷம் எப்படி வந்துச்சு?"

இதழ்தாங்க தப்பிச்சது, ஆளுங்க தப்பிக்கல. அதை முதல்ல சொல்லிடறேன்.

1971-ல பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்க சமயப் பாடம், சொல்லிக் கொடுத்ததுக்காக அருட்தந்தை ஸ்டெப்ஸ்கிஸுக்கு ஒரு வருஷம் சிறை. அடுத்த வருஷத் தொடக்கத்துல 17,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டு சோவியத் தலைவர் பிரெஷ்னெவுக்கு மனு எழுதினாங்க. நேரா அனுப்பினா பதிலே வராதுன்னு ஐநா பொதுச் செயலாளர் வழியா அனுப்பினாங்க. அந்தச் சூட்டோட, மார்ச் 19, சூசையப்பர் திருநாள் அன்னிக்கு, 'லிதுவேனியக் கத்தோலிக்கத் திருஅவையின் குறிப்பேடு' முதல் இதழ் வந்துச்சு. ஆசிரியர் சிம்னாஸ் ஊர்ல இருந்த அருட்தந்தை தம்கேவிச்சியுஸ்.

அச்சகம் எல்லாம் அரசு கையில. அதனால டைப்ரைட்டர்தான். மெல்லிசுத் தாள், நடுவுல கார்பன். கீழே போகப் போக எழுத்து மங்கும், ஒரு தடவைக்குச் சில படிதான் தேறும். கையில கிடைச்சவங்க திரும்ப அடிச்சு அடுத்தவங்களுக்குக் கொடுப்பாங்க. ஆபத்தும் அதுலதான். ஒவ்வொரு மிஷினும் எழுத்தைப் பதிக்கிற விதம் வேற. தாளை வச்சே மிஷினைக் கண்டுபிடிச்சிடலாம், மிஷின் கிடைச்சா ஆளும் கிடைச்சாச்சு.

இன்னொரு படி மைக்ரோபிலிம்ல, அதாவது பக்கங்களை ரொம்பச் சின்னதாப் படம்பிடிச்ச பிலிம்ல, மாஸ்கோவுக்குப் போகும். அங்கே மனித உரிமைக்காரங்க வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் வத்திக்கான் வானொலி அதை லிதுவேனிய மொழியிலயே வாசிக்கும். கோயிலுக்குப் போன பிள்ளையை வாத்தியார் மிரட்டின சேதி, அந்த ஊருக்கே ரேடியோவுல திரும்பி வரும்!

என்னைக் கேட்டா, இதழைக் காப்பாத்தினது எழுதின முறை. ஊர், தேதி, பள்ளிக்கூடம், அதிகாரி பேரு எல்லாம் இருக்கும். தகவல் கொடுத்தவர் பேரு இருக்காது. ஒரே ஒரு பொய்ச் சேதி வந்திருந்தா போதும், எல்லாமே அவதூறுன்னு அரசு முத்திரை குத்தியிருக்கும்.

அருட்சகோதரி நியோலே சதுனாய்தே 1974 ஆகஸ்ட்ல, 11-ஆவது இதழை அடிச்சிட்டிருக்கும்போதே பிடிபட்டாங்க. மூணு வருஷம் கைதிகள் முகாம், மூணு வருஷம் சோவியத்துக்குள்ளேயே தூரத்துக்கு நாடுகடத்தல். மாஸ்கோவுல உதவின செர்கேய் கொவல்யோவ் கத்தோலிக்கரே இல்ல. அவருக்கு ஏழு வருஷம் முகாம், அதுக்கு மேல மூணு வருஷம் நாடுகடத்தல். தம்கேவிச்சியுஸ் 1983-ல கைதானாரு. அப்பவும் இதழ் நிக்கல, அருட்தந்தை போருதா பொறுப்பை எடுத்துக்கிட்டாரு. 1989 வரைக்கும் 81 இதழ் வந்துச்சு. 1988-ல விடுதலையான தம்கேவிச்சியுஸ் 2019-ல கர்தினால் ஆனாரு, போப்புக்கு அடுத்த நிலைப் பதவி அது.