லிங்கன் கொஞ்சம் பொறுக்கட்டும்

(கட்டுரைப் போட்டிக்கு ஆயத்தமாகும் உயர்தர மாணவர்களுக்குக் கிளிநொச்சியில் ஆற்றிய உரை)

பிள்ளைகளே, ஆசிரியர்களே, இந்த வெயிலுக்குள்ளும் வந்து பின்வரிசையில் இருக்கும் பெற்றோரே, வணக்கம்.

சனநாயகமும் அரசியலும் பற்றிய போட்டிக்கு எழுதப்போகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சற்று முன் கேட்டேன். பாதிக் கைதான் உயர்ந்தது. ரீச்சர் திரும்பிப் பார்த்தா, மீதிக் கையும் உயர்ந்தது. வாக்களிப்பு ஏன் இரகசியமாக இருக்கவேண்டும் என்று இனி நான் விளக்கத் தேவையில்லை.

கட்டுரை திருத்துவது எனக்குப் பழைய வேலை. கோட்டமட்டமோ வலயமட்டமோ, எந்தக் கட்டைப் பிரித்தாலும் முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் தொடங்கும். 'மக்களால் மக்களுக்காக மக்களே நடத்தும் ஆட்சி சனநாயகம் என்றார் ஆபிரகாம் லிங்கன்.' அடுத்த வசனம் கிரேக்கத்துக்குப் போய்விடும். மூன்றாம் பந்தியில் இலங்கை வரும், அதிலும் கொழும்பு மட்டும். கிளிநொச்சி கடைசிவரை வராது. இப்போது கைத்தொலைபேசியைக் கேட்டாலும் இதே கட்டுரையைத்தான் தருகிறது, எழுத்துப்பிழை மட்டும் இல்லை.

லிங்கன் அதை எங்கே நின்று சொன்னார்? 1863 நவம்பர் 19, அமெரிக்காவின் கெற்றிஸ்பேர்க். போரில் விழுந்த படையினரைப் புதைத்த மயானத்தை அர்ப்பணிக்கும் கூட்டம் அது. அந்த உள்நாட்டுப் போர் அப்போது இன்னும் முடியவில்லை. சில நிமிடம்தான் பேசினார். வரைவிலக்கணம் சொல்லும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. செத்தவர்களுக்கு முன்னால் நின்று, இப்படியான ஆட்சி இந்தப் பூமியில் இல்லாமல் போய்விடக்கூடாது என்றார். தன் பிள்ளை எங்கே என்று இன்னமும் தெரியாத வீடுகள் இந்த மண்டபத்தைச் சுற்றி எத்தனை இருக்கின்றன? அவர்களுடைய அம்மாமார் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கியதை உங்களில் சிலர் சிறுபிள்ளையாகக் கண்டிருப்பீர்கள். லிங்கனுடைய வசனத்தை எழுதுவதென்றால் இவ்வளவையும் மனதில் வைத்து எழுதுங்கள். முடியாதென்றால் லிங்கன் கொஞ்சம் பொறுக்கட்டும்.

அப்போ எங்கே தொடங்குவது? எங்கள் இரணைமடுக் குளத்தில் தொடங்கிப் பாருங்கள்.

சிறுபோக நெல் விதைப்புக்கு முன்னால் ஒரு கூட்டம் நடக்கும். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல சேவை உத்தியோகத்தர்கள், கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் எல்லோரும் வருவார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் வாய்க்காலுக்குத் திறப்பது என்பதுதான் பேச்சு. காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்பது மட்டும்தான். எல்லா வயலுக்கும் அது காணாது. அப்படியென்றால் யாருடைய காணி இந்த முறை சும்மா கிடப்பது? யாருக்கு எவ்வளவு பங்கு? இதை முடிவெடுக்காமல் ஒருவரும் எழும்ப முடியாது. சத்தம் வரும், பழைய கணக்கெல்லாம் கிளறப்படும், கடைசியில் ஒரு ஏக்கர்க் கணக்கு எழுதப்படும். அந்தக் கூட்டத்தில் அரசியல் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். போதாத தண்ணீரைப் பங்கிடுவது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல் என்று எனக்கு விளங்கவில்லை. உங்கள் அப்பாமார் வீட்டுக்கு வந்து அந்தக் கூட்டத்தைத் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் திட்டையே எழுதுங்கள், நல்ல முதற்பந்தி அமையும்.

இதே குளத்தில் இன்னும் கடினமான ஒரு கட்டுரையும் இருக்கிறது. இரணைமடுத் தண்ணீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தது. எங்கள் கமக்காரர் எதிர்த்தார்கள். மாகாண சபையிலும் பெரிய வாதம். பிறகு யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுக்கத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது.

பெரும்பான்மை, சிறுபான்மை என்று தலைப்பு வந்தாலே நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிறுபான்மைப் பக்கம் நின்று எழுதுவோம். அந்தப் பாதையில் பேனை தானாகவே ஓடும். இங்கே இரண்டு பக்கமும் தமிழர். யாழ்ப்பாணத்தில் பல கிணறுகள் உவர், சிலவற்றில் நைத்திரேற்றுக் கூட. அவர்கள் குடிக்கத்தான் கேட்டார்கள். எங்களவர் விதைக்கத் தண்ணீர் போதாது என்றார்கள். தலையை எண்ணித் தீர்ப்பதென்றால் கிளிநொச்சி தோற்கும். இத்தனைக்கும் கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் நாங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள். நாங்களும் வன்னிதான், ஆனால் வன்னித் தேர்தல் மாவட்டம் என்று பெயர் வைத்தது மன்னார், வவுனியா, முல்லைத்தீவுக்கு மட்டும். எண்ணிக்கையில் சிறிய ஊரின் சொல் எப்படிக் கேட்கப்படவேண்டும்? இதை நேர்மையாக எழுதுகிற பிள்ளைக்கு நான் லிங்கன் இல்லாமலே புள்ளி போடுவேன்.

சரித்திரம் வேண்டுமென்றாலும் கிட்டவே கிடக்கிறது. 1931இல் 21 வயது வந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. பூரண சுயாட்சி கிடைக்கவில்லை என்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தன. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்கரிக்கவில்லை. யார் செய்தது சரி? ஒரு முழுக் கட்டுரைக்கு இது போதும். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் உங்கள் பாட்டன் பாட்டியின் வாக்கைப் பறித்தன. வாக்கு என்றால் என்னவென்று எங்களைவிட உங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். போய்க் கேளுங்கள்.

'அரசியல் எழுதாதே, பிள்ளை' என்று வீட்டில் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் சிரிக்கமாட்டேன். வன்னியில் அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. ஆரையும் ஏசி எழுதவேண்டாம். உங்கள் பிரதேச சபை இந்த வருடம் எந்த வீதிக்குக் காசு ஒதுக்கியது, எந்த வீதிக்கு ஒதுக்கவில்லை என்று எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ எழுதிக் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் சபை முடிவு சொல்லவேண்டும். தரமாட்டோம் என்று பதில் வந்தால் கவலைப்படாதீர்கள், அந்தக் கடிதத்தையே கட்டுரையில் சேர்க்கலாம்.

மொழி பற்றி ஒன்றுதான். 'இன்றியமையாதது', 'மறுக்கமுடியாத உண்மை' என்ற இரண்டையும் எழுதும் இடத்தில் பேனையை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். பெரும்பாலும் அங்கே உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.

போன கிழமை ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். அவளுடைய அப்பா இல்லை. வயலை அம்மாதான் செய்கிறா. காணி அப்பப்பாவின் பெயரில் கிடக்கிறது, அதனால் கமக்காரர் கூட்டத்துக்குச் சித்தப்பா போகிறார். 'விதைக்கிறது அம்மா, கை உயர்த்துறது சித்தப்பா. இதை எழுதலாமோ சேர்?' என்று கேட்டாள். எழுது என்றேன். தலைப்பு என்ன வைக்கிறது என்றாள். அதைப் பிறகு பார்ப்போம், சித்தப்பா கை உயர்த்தமுன் அம்மாவிடம் ஒரு சொல் கேட்கிறவரோ என்று முதலில் விசாரித்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். இன்னும் வரவில்லை.