பருத்திக்காரன் கம்பளி நூற்ற கதை

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக வாங்கிய பனியனை நான்கைந்து முறை துவைத்துக் காயப்போட்ட பிறகு, விலாவில் நேராக இறங்கியிருந்த ஓரத்தையல் மெல்ல நகர்ந்து வயிற்றுப்பக்கம் வந்து நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உடனே தைத்தவரைத் திட்டுவோம். அவர் பாவம், பெரும்பாலும் நேராகத்தான் தைத்திருப்பார். ஒற்றை நூலுக்குள் அடங்காமல் மிச்சமிருந்த முறுக்கு, தண்ணீர் பட்டதும் தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த முயற்சியில் துணியையும் சேர்த்துத் திருப்பிவிடுகிறது. கோவையில் ஒரு பஞ்சாலையில் 32 ஆண்டுகள் இந்த முறுக்கோடு மல்லுக்கட்டி, நூற்புப் பிரிவு மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கமுடியாமல் ஆட்டு ரோமத்தை வாங்கி வந்து, திண்ணையில் உட்கார்ந்து கையால் நூற்கத் தொடங்கினேன். ரோமத்தைத் தரம் பிரிப்பது, கழுவுவது, வாரிச் சுருட்டிப் பட்டை போடுவது, நூற்பது, இரட்டை முறுக்குவது, கடைசியில் ஸ்வெட்டர் பின்னுவது என்று ஆறு பகுதிகளாகக் குறித்து வந்திருக்கிறேன். நேரம் எவ்வளவுக்கு இடம் கொடுக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஆடு. செம்மறிக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை. ஆனால் எல்லாச் செம்மறியும் கம்பளி தராது. மேச்சேரி ஆட்டின் உடம்பில் இருப்பது குட்டை முடிதான், அதை நூற்க முடியாது. அந்த ஆட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அதன் தோல். குரும்பை என்று நாம் சொல்லும் கோயம்புத்தூர்ச் செம்மறிக்கு ரோமம் உண்டு; ஆனால் முரடு, போர்வைக் கம்பளிக்கு உரியது. தாராபுரம் பக்கம் பட்டி போட்டிருந்த ஓர் ஆட்டுக்காரரிடம், கத்திரித்த ரோமம் இருந்தால் விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அது குழியில போட்டு மூடறதுங்க, அதுக்கெதுக்குங்க காசு?" என்றார். ஒரு சாக்கு நிறையக் கொடுத்து, மோரும் கொடுத்து அனுப்பினார். அந்த ரோமத்தில் நான் நூற்றது உறுதியான நூல்தான். ஆனால் கழுத்தில் பட்டால் நெருஞ்சி முள்ளைப் போலக் குத்தியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இழையின் தடிமன் ஏறத்தாழ 30 மைக்ரானைத் தாண்டினால் அதன் முனை வளைந்து கொடுக்காமல் தோலில் குத்தும்.

குத்தாத கம்பளிக்கு மலை ஏறவேண்டியிருக்கிறது. நீலகிரி ஆடு என்ற இனம், 19ஆம் நூற்றாண்டில் நம் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல்நாட்டு ஆடுகள் கலந்து உருவானது. அதை உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் பேணி வருகிறார்கள். அதன் ரோமம் சராசரியில் 30 மைக்ரானுக்குக் கீழே நிற்பதால், உடுத்தும் துணிக்கு ஏற்றது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. அந்த ஆலைச் சோற்றைத் தின்று வளர்ந்தவன், கம்பளிக்காக அதே மலைக்குப் போய் நின்றேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ரோமத்தைத் தரம் பிரிக்க ஒரு பழைய சேலையை விரித்து அதன்மேல் பரப்பவேண்டும். தோளிலும் விலாவிலும் உள்ளது நல்ல ரோமம். தொடைப் பக்கம் முரடு. வயிற்றடியில் உள்ளது சிக்கு. புழுக்கை ஒட்டியதையும், கத்தரி இரண்டாம் முறை ஓடியதால் துண்டுபட்ட குட்டை இழைகளையும் தயங்காமல் எறிந்துவிடவேண்டும். இரக்கப்பட்டு வைத்துக்கொண்டால் பிறகு நூலில் முண்டும் முடிச்சுமாக வந்து நிற்கும். அடுத்து, வானொலிக்கே பொருத்தமான ஒரு சோதனை இருக்கிறது. பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று சுண்டி இழுக்கவேண்டும். நல்ல ரோமமானால் தந்தியை மீட்டியது போல 'டிங்' என்று ஒலிக்கும். காய்ந்த சருகு நொறுங்குவது போலச் சத்தம் வந்தால் அந்த ரோமம் வேண்டாம். ஆடு காய்ச்சலில் கிடந்த காலத்திலோ தீவனம் இல்லாமல் வாடிய கோடையிலோ வளர்ந்த பகுதி மட்டும் மெலிந்திருக்கும். எல்லா இழைகளும் அதே இடத்தில்தான் அறும். ஆட்டின் பஞ்சகாலம் அதன் முடியில் எழுதியிருக்கிறது.

இனிக் கழுவுவது. இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் அதிகமாகவே தங்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பளி வேலையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் நூற்பதில் தோற்பதில்லை, கழுவுவதில்தான் தோற்கிறார்கள். அதற்கு முதல் சாட்சி நான்.

மலையிலிருந்து நண்பர் ஒருவர் இரண்டு கிலோ ரோமம் கொடுத்தனுப்பினார். கையில் எடுத்தால் பிசுபிசுவென்று நெய் தடவியது போல இருந்தது. கிடை வாசமும் தாராளமாக இருந்தது. பருத்திக்காரனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: அழுக்கும் மெழுகும் போகவேண்டுமானால் காரம் போட்டுக் கொதிக்கவிடு. கொல்லையில் விறகடுப்பு மூட்டி, கல்யாணத்துக்குச் சோறு வடிக்கும் அண்டாவை ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கையில் இரண்டு கை சலவைச் சோடாவை அள்ளிப் போட்டு, ரோமத்தை உள்ளே தள்ளி, மூங்கில் கழியால் அரைமணி நேரம் கிண்டினேன். என் மனைவி புறக்கடை வாசலில் நின்று, "ஏனுங்க, களி கிண்டறாப்பல இப்படிக் கிண்டறீங்களே, அது தாங்குமுங்களா?" என்றார். ஆலையில் டன் கணக்கில் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் கிண்டினேன். பிறகு சூடான ரோமத்தைத் தூக்கி அப்படியே பச்சைத் தண்ணீரில் போட்டேன். போட்டதோடு விடவில்லை, கசக்கியும் பிழிந்தேன். வெளியே எடுத்தபோது ரோமம் இல்லை. பழுப்பு மஞ்சளில், உரல் வாய் அகலத்தில், அடைபோல ஒரு தட்டு கிடைத்தது. பிய்த்தால் பிய்யவில்லை; கத்தியால் அறுக்கவேண்டியிருந்தது. அந்த இரண்டு கிலோவும் எங்கள் வீட்டு நாய்க்குப் படுக்கையாக நான்கு ஆண்டுகள் உழைத்தது.

இதில் எனக்கு வெட்கமான செய்தி ஒன்று உண்டு. கலப்பு நூலில் கம்பளி எவ்வளவு, பருத்தி எவ்வளவு என்று அறிய, அதை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொதிக்கவைப்பார்கள். சில நிமிடங்களில் கம்பளி கரைந்துபோகும், பருத்தி அப்படியே நிற்கும். இந்தச் சோதனையை நானே ஆய்வுக்கூடத்தில் செய்திருக்கிறேன். சலவைச் சோடா அவ்வளவு கொடியதில்லை என்றாலும் அதுவும் காரம்தானே? ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது அடுப்படியில் நினைவுக்கு வரவில்லை.

ரோமம் ஏன் அடையாக இறுகுகிறது? உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி தானாகவே ஒரு பக்கமாக நகர்ந்து போகும். மீன் செதிலைப் போலக் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் அதன்மேல் ஒரே திசையில் படிந்திருப்பதே காரணம். ஆட்டு ரோமத்திலும் அப்படித்தான். சூடும் ஈரமும் சேர்ந்த நேரத்தில் கிண்டினால் ஒவ்வோர் இழையும் ஒரு பக்கமாக ஊர்ந்து, அடுத்த இழையின் செதிலில் மாட்டிக்கொண்டு, திரும்பி வர வழியில்லாமல் இறுகிவிடும். பருத்திக்குச் செதில் கிடையாது. அதனால் அதைக் கல்லில் அடித்தும் துவைக்கலாம். மீண்டும் சொல்கிறேன்: சூடு மட்டும் இருந்தால் பயமில்லை, ஈரம் மட்டும் இருந்தாலும் பயமில்லை, அவற்றோடு அசைவு சேர்ந்தால்தான் ஆபத்து.

இப்போது நான் கழுவும் முறையைச் சொல்கிறேன். காய்கறி வாங்கும் வலைப்பையில் கால் கிலோ ரோமத்தைத் தளர்வாக வைத்து, முதல் நாள் இரவே வெறும் தண்ணீரில் அமிழ்த்திவிடுவேன். ஆட்டின் வியர்வை உப்பு பச்சைத் தண்ணீரிலேயே கரைந்துவிடும். விடிந்ததும் அந்தப் பழுப்புத் தண்ணீர் எங்கள் தென்னைக்குப் போகும். அடுத்தது கொழுப்பு. களிம்புகளில் சேர்க்கும் லானோலின் என்பது இந்தக் கொழுப்புதான். சூடில்லாமல் இது இளகாது. 60 டிகிரி அளவில், அதாவது கை பொறுக்காத, ஆனால் கொதி வராத சூட்டில் தண்ணீர் எடுத்து, பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை அதில் கலந்து, பையை மெல்ல அமிழ்த்திவிட்டு அந்தப் பக்கமே போகமாட்டேன். கால்மணி நேரம் கழித்து, தண்ணீர் ஆறுவதற்குள் பையை எடுத்துவிடவேண்டும்; ஆறவிட்டால் இளகிய கொழுப்பு மறுபடியும் ரோமத்திலேயே படிந்துவிடும். இப்படி இரண்டு முறை. அலசும் தண்ணீரும் ஏறத்தாழ அதே சூட்டில் இருக்கவேண்டும். கட்டிச் சோப்பு வேண்டாம். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்போடு சேர்ந்து அது திரிதிரியாகப் படியும். பூந்திக்கொட்டையில் அந்தத் தொல்லை இல்லை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். பிழியாமல், கயிற்றுக் கட்டிலில் பரப்பி நிழலில் உலர்த்தினால், ஒரு கிலோவுக்கு 650 கிராம் அளவில் எனக்குத் தேறுகிறது. கொழுப்பு மிகுந்த மெரினோவில் பாதி எடைகூடப் போய்விடும் என்பதால், விலை பேசும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டை போடுவதற்கு, பஞ்சை வாரும் பழைய கார்டிங் எந்திரத்தின் ஃபிளாட்டுகள் என்ற சட்டங்களில் மாட்டியிருந்த, கம்பிப் பற்கள் நிறைந்த துணியின் துண்டுகள் இரண்டைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, கைப்பிடி வைத்த பலகைகளில் ஆணியடித்து வைத்திருக்கிறேன். அது கிடைக்காதவர்கள் நாய்க்கு வாரும் கம்பிச் சீப்பு இரண்டை வாங்கிக்கொள்ளலாம். ரோமத்தை விரலால் உதிர்த்து, கழுவும்போது போன கொழுப்புக்கு ஈடாக இரண்டு சொட்டு எண்ணெயைத் தண்ணீரில் அடித்துத் தெளித்து, ஒரு சீப்பிலிருந்து மற்றதற்கு மெல்ல வாரி, சுருட்டி எடுத்தால் பட்டை தயார். சுருட்டிய பட்டையில் காற்று தங்கும் என்பதால் நூல் உப்பலாகவும் கதகதப்பாகவும் வரும்.

நூற்பதற்கு நான் முதலில் எடுத்தது தக்ளி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிர். பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றிய தலைமுறை இன்னும் இருக்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் காந்தி ஆசிரமம் தொடங்கிய மண் இது. ஆனால் பருத்தி பழகிய கைக்கு இங்கேயும் ஓர் அடி விழுந்தது. ஆலையில் இழையின் நீளத்துக்கு ஏற்றபடி உருளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைப்போம். தூரம் குறைந்தால், ஒரே இழையை இரண்டு உருளைகளும் பிடித்துக்கொண்டு விடாது. இங்கே என் இரண்டு கைகளும்தான் உருளைகள். பருத்தி இழை சுமார் ஓர் அங்குலம். என்னிடம் இருந்த ரோமம் மூன்று அங்குலம். பழக்கத்தில் கைகளை நெருக்கி வைத்துக்கொண்டு, ஏன் இழைக்க வரவில்லை என்று அரை நாள் திணறினேன். முறுக்கிலும் அதே தவறுதான். குட்டை இழையைப் பிடித்து நிறுத்த நிறைய முறுக்கு வேண்டும். நீள இழைக்கு அவ்வளவு வேண்டாம். என் முதல் நூலைப் பார்த்த பேத்தி, "அப்பாரு, இது கொடிக்கயிறுங்களா?" என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஓரத்தையலுக்கு வருகிறேன். வலப்பக்கமாக முறுக்கிய ஒற்றை நூல்கள் இரண்டைச் சேர்த்து, இடப்பக்கமாக முறுக்கவேண்டும். இதுதான் இரட்டை முறுக்கு. ஒற்றை நூலில் மிஞ்சியிருக்கும் முறுக்கை, எதிர்ப்பக்கமாக ஓடும் இந்த முறுக்கு அடக்கிவிடும். போதுமா என்று பார்க்க, நூலை ஒரு முழத்துக்கு வளையமாகத் தொங்கவிடுங்கள். தானாகச் சுழன்று தன்னையே சுற்றிக்கொண்டால் இன்னும் அடங்கவில்லை. அமைதியாகத் தொங்கினால் அது பின்னலுக்கு ஏற்ற நூல். அப்படி முடித்த நூல் 100 கிராமில் 200 மீட்டர் வந்தால் நடுத்தர ஸ்வெட்டருக்குச் சரியாக இருக்கும். நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் எண்ணைக் கவுண்ட் என்போம்; எண் ஏற ஏற நூல் மெலியும். திருப்பூர்க் கணக்கில் இது என்ன கவுண்ட் என்று போட்டுப் பார்த்தேன், ஒன்றேகால்கூடத் தேறவில்லை. முப்பதாம் கவுண்டிலும் நாற்பதாம் கவுண்டிலும் காலம் கழித்தவனுக்கு...

கண்ணாடிக்கு அப்பால் நிலையத்து நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பின்னுவதைப் பற்றி இரண்டே நிமிடத்தில் சொல்லவேண்டும். பெரியவர் ஒருவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன 500 முதல் 600 கிராம் நூல் வேண்டும். பின்னத் தொடங்குமுன் நான்கு அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி, நனைத்து, உலர்த்தி, அதன் பிறகு அளந்து கண்ணிக் கணக்கைப் போடுங்கள். கைநூல் நனைந்த பிறகு உப்பிக்கொண்டு அளவு மாறும். முதல் நாள் நூற்ற நூலில் ஒரு சாண் நீளத்தை அட்டையில் சுற்றி வைத்து, ஒவ்வொரு நாளும் அதனோடு ஒப்பிட்டு நூற்றுக்கொள்ளுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஆடியில் ஒரு கைக்கும், இடையில் விட்டுவிட்டு மார்கழியில் மறு கைக்கும் நூற்றேன். கண்ணிக் கணக்கு ஒன்றே என்றாலும், என் மனைவியின் ஸ்வெட்டரில் இடக்கை வலக்கையைவிட ஒன்றரை அங்குலம் நீளமாக அமைந்தது. அவர் அதை மடித்துவிட்டுக்கொண்டுதான் இன்று காலையும் பால் வாங்கப் போனார். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.