ஓடுபாதைக்கு இரண்டு மைல் இருக்கையில்

நேயர்களுக்கு வணக்கம். 2002 அக்டோபர் 25 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செனட்டர் பால் வெல்ஸ்டோன் ஓர் இறுதிச் சடங்கில் கலந்துகொள்வதற்காகச் சிறு வாடகை விமானம் ஒன்றில் புறப்பட்டார். அவரோடு மனைவியும் மகளும், உதவியாளர் மூவரும், விமானிகள் இருவரும் சென்றனர். தேர்தலுக்குப் பதினோரு நாள்களே இருந்தன. எவலத் ஊரின் ஓடுபாதையை எட்ட ஏறத்தாழ இரண்டு மைல் இருக்கையில், அந்த இரட்டை எஞ்சின் கிங் ஏர் விமானம் காட்டுக்குள் விழுந்து எரிந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இறக்கைகளில் உறைந்த பனிதான் காரணம் என்று அப்போது பலரும் எண்ணினர். 2003 நவம்பரில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்ட முடிவோ வேறு: விமானிகள் போதிய வேகத்தைக் காக்கத் தவறியதால் விமானம் 'ஸ்டால்' நிலைக்குப் போய்விட்டது.

ஸ்டால் என்றதும் எஞ்சின் நின்றுபோனது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஓடும் பேருந்தின் சன்னலோரத்தில் சிறுவயதில் உள்ளங்கையை விரித்து நீட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கையின் முன்விளிம்பைச் சற்றே உயர்த்தினால் காற்று கையை மேலே தூக்கும். மேலும் மேலும் உயர்த்தினால், ஒரு கட்டத்தில் அந்தத் தூக்கும் விசை சட்டென்று அற்றுப்போய்க் கை துவண்டு பின்னுக்குப் போகும். வேகம் குறையக் குறைய, உயரத்தைத் தக்கவைக்க விமானத்தின் மூக்கை நிமிர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. இறக்கைக்கும் முடிவில் அதே கதி நேர்கிறது. உயரம் மிகுதியாக இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுவிடலாம். தரையிறங்கும் தறுவாயில் அதற்கு இடமில்லை.

அன்று மேகம் தாழ்ந்து கிடந்தது. இறங்கத் தொடங்கியபோது விமானத்தின் வேகம் கூடுதலாகவே இருந்தது. பின்னர் அது குறைந்துகொண்டே வந்து, கடைசியில் 76 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வரை சரிந்தது. இரண்டு விமானிகள் அமர்ந்திருந்தும் வேகமானியின் முள் இறங்கியதை உரிய நேரத்தில் கவனித்துத் திருத்தவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

ஸ்டாலை நெருங்கிய பிறகு ஒலிக்கும் எச்சரிக்கை போதாது, வேகம் குறையத் தொடங்கும்போதே விமானிக்கு உணர்த்தும் கருவி வேண்டும், அதன் சாத்தியத்தை ஆராய வல்லுநர் குழு அமைக்க வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது. அந்த விமானத்தில் குரல் பதிவுக் கருவி இல்லை. ஆகவே, அந்தக் கடைசி நொடிகளில் விமானிகள் இருவரும் என்ன பேசிக்கொண்டனர் என்பது எங்கும் பதிவாகவில்லை.