பாதி யானைக்கு எத்தனை பொன்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்று பிரான்ஸில் இருக்கும் ஷாம்பெரி நகரத்து யானை நீரூற்றின் பெருமை உச்சியில் நிற்கும் தளபதிக்கா, கீழே நின்று கேலி செய்த ஊராருக்கா? இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் தளபதியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் ஊர்க்காரர்கள் பக்கம்.

அண்ணன் சொன்னதில் முக்கால்வாசியை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தளபதி பெனுவா டி பாய்ன் 1751இல் அந்த ஊரில் பிறந்தவர், வியாபாரி வீட்டுப் பிள்ளை. பிழைப்பு தேடிப் பல நாட்டுப் படைகளில் அலைந்து 1778இல் நம் சென்னைப் பட்டணத்தில் வந்து இறங்கினார். கும்பெனிப் படையில் சேர்ந்தார். 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கும்பெனிப் படையை நொறுக்கினார்களே, அன்றைக்கு இவர் வேறு வேலையாகப் போயிருந்ததால் தலை தப்பியது. அப்புறம் வடக்கே போய் மராத்தியத் தலைவர் மகாதஜி சிந்தியாவுக்குப் படை பழக்கிப் பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். 1830இல் காலமானார். ஊர் நன்றி மறக்கவில்லை, 1838இல் நீரூற்றைத் திறந்தது.

சரி. இவ்வளவும் தளபதியின் பெருமை. நடுவர் கேட்டது நீரூற்றின் பெருமை. அண்ணன் மாப்பிள்ளை வீட்டுப் புகழ் பாடிவிட்டுக் கல்யாணத்தை மறந்துவிட்டார்.

நீரூற்றுக்கு வருவோம். கிரனோபிள் சிற்பி பியர்-விக்டர் சாப்பே செய்தது. 17 மீட்டருக்கும் மேல் உயரம். நடுவில் பனைமரத் தண்டு மாதிரி ஒரு தூண், உச்சியில் தளபதி. அடியில் நான்கு வார்ப்பிரும்பு யானைகள் நான்கு திசையையும் பார்த்து நிற்கின்றன, தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நான் போயிருந்தபோது என்ன செய்தேன் தெரியுமா? வால் தேடினேன். முதல் யானை, முகம், காது, முன்னங்கால், அதோடு தூண் வந்துவிட்டது. சரி, அடுத்த யானையில் இருக்கும் என்று நகர்ந்தேன். அங்கேயும் தூண். ஒரு முழுச் சுற்று வந்து புறப்பட்ட தும்பிக்கைக்கே வந்து சேர்ந்தேன். நான்கு யானைக்கும் பின்பக்கமே கிடையாது! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பாதி யானைக்கு எத்தனை பொன் என்று எதிரணியில் யாராவது கணக்குச் சொல்லட்டும்.

சிற்பி கஞ்சத்தனம் செய்யவில்லை. நான்கு யானைகளும் நடுவில் சேர்ந்து நிற்பதை மேலேயிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். அது அந்த ஊரை அப்போது ஆண்ட சவோய் அரச வம்சத்தின் சின்னம். ஆழமான யோசனைதான். ஆனால் நடுவர் அவர்களே, அதை யார் பார்ப்பது? புறா பார்க்கலாம். தளபதி குனிந்தால் பார்க்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறவர் கண்ணுக்கு யானைக்குப் பின்புறம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். வைத்தார்கள் ஒரு பேர்: 'காத்ர் சான் க்யூ'. நான்கு பேர், குண்டி இல்லாதவர்கள். அவையில் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், பெயர் அப்படி! இதில் சிலேடை வேறு இருக்கிறது. பிரெஞ்சில் 'இல்லாமல்' என்பதற்கும் 'நூறு' என்பதற்கும் ஒரே ஒலி, 'சான்'. அப்படிக் கேட்டால் நானூறு குண்டி! ஒன்றுகூட இல்லாத இடத்தில் நானூறைக் கொண்டுவந்து நிறுத்தின குசும்பை நாம் ரசிக்காமல் வேறு யார் ரசிப்பது?

அண்ணன் ஒன்று சொன்னார்: "கேலிப்பேச்சு காற்றோடு போகும், வெண்கலம் நிற்கும்." அந்தச் சிலை என்ன உடுப்பு போட்டிருக்கிறது என்று கவனித்தாரா? சார்தீனிய மன்னரின் ராணுவச் சீருடை. 1838இல் ஷாம்பெரி பிரான்ஸிலேயே இல்லை, சவோய் வம்சம் ஆண்ட சார்தீனிய அரசின் கீழ் இருந்தது. 1860இல்தான் ஷாம்பெரி இருக்கும் சவோய் பகுதி பிரான்ஸோடு சேர்ந்தது. சீருடைக்குச் சொந்தமான ராஜ்யம் போய்விட்டது. சிலுவைக்குச் சொந்தமான வம்சம் இத்தாலிக்குப் போய் ஆண்டு, 1946இல் அங்கேயும் முடியிழந்தது. கேலிப்பெயர் மட்டும் ஊரைவிட்டு எங்கேயும் போகவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு யானைகளைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பழுது பார்த்தார்கள். திரும்பி வந்தபோதும் பின்புறம் இல்லாமல்தான் வந்தன. புதிதாக ஒன்று வார்த்துப் பொருத்தியிருந்தால் ஊர் சும்மா விட்டிருக்குமா?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். தீர்ப்புக்கு முன் எதிரணி அண்ணனை ஒரு முறை அந்த நீரூற்றைச் சுற்றி வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு வாலைக் காட்டட்டும், வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம்.